ஆகாயக் கப்பலும் ஒரு முடி நாத்தும்

“…அதெல்லாம் கெடக்கட்டும்டா ரேடியோ. இத்தனை வாரமா அங்க உக்காந்து நான் கை தட்டினது யாருக்கு எதிரா? எனக்கே எதிராவா?”

வரப்பின் மேல் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவர் பண்ணை சாம்பசிவம். எங்கள் ஊரில் பாதி நஞ்சை அவருடையது. மீதிப் பாதியில் கொஞ்சம் அவர் மச்சினன் பெயரில் இருந்தது. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் குடை. அவர் காலடியில், வரப்புக்குக் குறுக்கே, ஒரு நாத்து முடி கிடந்தது. அப்போதுதான் சேற்றில் அலசி எடுத்தது. வேரிலிருந்து தண்ணீர் சொட்டி வரப்புப் புல்லை நனைத்துக்கொண்டிருந்தது.

முடிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை. இந்தப் பக்கம் பண்ணை. ரோட்டில் என்ஜினை அணைக்காமல் ஒரு லாரி. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான்.

லாரி ஏன் வந்தது, முடியை யார் வைத்தது, பண்ணை எதற்குக் கை தட்டினார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசையாகச் சொல்கிற வாய் எனக்கு இல்லை என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ரேடியோப் பெட்டிக்குள் பல்லி புகுந்த கதையைப் போன வாரம் எழுதினேன். ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார்: “பல்லி முதல் பத்தியில் உள்ளே போச்சு, கடைசிப் பத்தியில் வெளியே வந்துச்சு. நடுவில் நீங்க மூணு கடையில டீ குடிச்சிட்டீங்க.” குடித்தேன். இன்றைக்கும் குடிப்பேன்.

ஜாங்கிரி எழுத்து

எங்கள் ஊர் பாபநாசத்துக்குத் தெற்கே, ரெண்டு வாய்க்கால் தாண்டி இருக்கிறது. அந்த நாளில் நான் பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்குப் பொறுப்பு. சாயங்காலம் ரேடியோவைத் திருப்பிவிட்டு, கூரை மேல் இருக்கிற ஸ்பீக்கர் குழாயில் விவசாயச் செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது என் வேலை. அதனாலேயே பெற்றவர்கள் வைத்த பெயர் போய் ‘ரேடியோ’ என்பதே என் பெயராகிவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து, “யாரு இந்த மாப்பிள்ளை?” என்று கேட்டவர்கள் உண்டு.

படித்தது எட்டாவது. மீதியை ரேடியோப் பெட்டிகளின் வயிற்றைத் திறந்து படித்தேன். இங்கிலீஷும் அப்படி வந்ததுதான். வால்யூம், ட்யூனிங், எர்த், டேஞ்சர். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் பின்னால் ஒரு முழுக் கிரகத்தின் கதையையே ஊருக்குச் சொன்னேன்.

ரேடியோ ரூமுக்கு டிவி வந்தது மன்றத்து மாணிக்கத்தால். அவர் கட்சிக்காரர். ஆட்சி மாறினால் எங்கள் ஊர்ச் சுவரில் நிறம் மாறும், மாணிக்கம் மாற மாட்டார். சிறுவயதில் கட்சி நாடகங்களில் மந்திரி வேஷம் கட்டியவர் என்பதால் “தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர் நடையாய் நடந்து டிவிப் பெட்டியை வாங்கி வந்தார். முதல் நாள் திருப்பினால் டெல்லி வந்தது. இந்தியில் ஒருவர் கோதுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

மாணிக்கம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, “இந்தியக் கேக்கவா இவ்வளவு உசரத்துக்குக் கம்பம் நட்டோம்? ரேடியோ, அந்தக் கம்பிய கடல் பக்கம் திருப்பு” என்றார்.

திருப்பினேன். பூஸ்டர் போட்டேன். இலங்கை வந்தது.

கடலைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, படம் தளதளவென்று தண்ணீரில் ஆடுகிற நிழல் மாதிரி வந்து சேரும். பேச்சு இங்கிலீஷ். கீழே சிங்கள எழுத்து ஓடும். எண்ணெய்ச் சட்டியில் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும். இங்கிலீஷும் புரியாது, ஜாங்கிரியும் புரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஒரு தொடர் வந்தது பாருங்கள், அதற்காக மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தையே ஊர் மாற்றிக்கொண்டது.

நாத்து பறிக்கிற கிரகம்

கதை இதுதான். அல்லது இதுதான் கதை என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஆகாயத்தில் ஒரு கப்பல். பார்க்க எங்கள் பண்ணை வீட்டு நெல்லுப் பத்தாயம் மாதிரியே இருக்கும், அடியில் மட்டும் நெருப்பு வரும். அதில் இறுக்கமாகச் சட்டை போட்ட ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தன். அவனுக்கு ‘கப்பல்காரன்’ என்று பெயர் வைத்தோம். இவர்கள் ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு நெற்றியில் உழவுசால் ஓட்டின மாதிரி வரிவரியாக மேடு. அவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அது பாசியா, விலையுயர்ந்த கல்லா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்த உடனே ரூம் மொத்தமும் ஒரே குரலில் சொன்னது:

“நாத்து பறிக்கறாங்கடா!”

முடிந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? ஊர் தீர்ப்பு சொன்ன பிறகு நான் மட்டும் தனியாக இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்க முடியுமா? பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

“அந்தக் கெழவன் என்ன சொல்றான்னா, வாய்க்கால்ல முறைத் தண்ணி இன்னும் வந்து சேரலங்கறான். கப்பல்காரன் சொல்றான், தண்ணி வந்தா என்ன வராட்டி என்ன, எனக்கு அளக்க வேண்டியத அளந்துடுன்னு.”

“அடப் பாவி!” என்று ஒரு குரல் வரும். நான் சொன்னது சரிதான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

எனக்குப் புரிந்த வார்த்தை ‘டேஞ்சர்’ ஒன்றுதான். அது வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். அப்போது மட்டும் கையை உயர்த்தி, “ஆபத்துன்னு சொல்றான்” என்று கெட்டியாகச் சொல்லுவேன். என் இங்கிலீஷ் மேல் ஊர் வைத்த மதிப்பு முழுக்க அந்த ஒரு வார்த்தை சம்பாதித்துக் கொடுத்ததுதான்.

ஒரு படம், நாலு கதை

இப்போது ரூமில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கைதட்டல் விளங்காது.

முன்னால் பண்ணைக்கு நாற்காலி. அதை அவர் வீட்டிலிருந்து ஆள் தூக்கிவந்து போடுவான், முடிந்ததும் தூக்கிப் போவான். அதற்குப் பக்கத்தில் பெஞ்சில் எஸ்தர் டீச்சர், மாணிக்கம். பிறகு தரையில் ஊர். வாசலை ஒட்டிக் கடைசியில் அஞ்சலையும் அவளோடு கூட்டாக நடவு நடுகிற கொத்துப் பெண்களும். முதல் சில வாரம் அவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றார்கள். “உள்ள வாங்க, இங்க என்ன கோடு போட்டா இருக்கு?” என்று மாணிக்கம் மேடைக் குரலில் கூப்பிட்டார். வரவில்லை. விளக்கை அணைத்துப் படம் தெளிந்த பிறகு ஒவ்வொருத்தராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். விளக்குப் போடுவதற்கு முன்னால் போயிருப்பார்கள். அப்புறம் ஒருநாள் விளக்குப் போட்ட பிறகும் அஞ்சலை எழுந்திருக்கவில்லை. பண்ணை திரும்பிப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அதோடு அது வழக்கமாகிவிட்டது.

கப்பல்காரன் யார் என்பதில் மாணிக்கத்துக்குச் சந்தேகமே கிடையாது. “டெல்லிதான். மேலேர்ந்து எறங்கறான், நமக்குப் புரியாத பாஷையில பேசறான், விளைஞ்சத ஏத்திக்கிட்டுப் போறான். வேற யாரு?” அவருக்கு இது பழக்கம். அந்தக் காலத்துக் கட்சி நாடகத்தில் ராஜா வேஷக்காரன் “வரியை உயர்த்து” என்றால், எந்த ராஜா, எந்த வரி என்று கீழே மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். நாடகம் நடக்கிறபோது ஒரு போலீஸ்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாராம். மந்திரி வேஷத்தில் இருந்த மாணிக்கம் மேடையிலிருந்தே, “என்ன ஏட்டய்யா, வேகமாப் போறேனா?” என்று கேட்டிருக்கிறார். அவரும் தலையாட்டியிருக்கிறார்.

எஸ்தர் டீச்சருக்கு அது பைபிளில் வருகிற எகிப்து. ஞாயிறு காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கம் சாயங்காலம் வரைக்கும் காதில் இருக்கும். “பார்வோன் இப்படித்தான் இருந்திருப்பான். அங்கி கூட இதே மாதிரிதான்” என்பார். அடுத்த வாரமே தண்ணீர் ரத்தமாகும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருவார். எங்கள் டிவியில் கறுப்பும் வெள்ளையும்தான், ரத்தமானாலும் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

இப்போது பண்ணை.

ஒரு வாரம், கப்பல் ஆட்கள் இறங்கி அந்தக் கிரகத்து நிலத்தின் மேல் பளபளவென்று ஒரு ஒளிக்கயிறு போட்டார்கள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. பண்ணை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அளக்கறான் பாத்தியா! சங்கிலி போட்டு அளக்கறான்டா! வயிறு எரியுதுடா!”

நில உச்சவரம்புக்கு அளக்க வந்தவர்கள் அவர் களத்து மேட்டில் நின்றது அவர் கண்ணை விட்டு மறையவே இல்லை. அப்போதுதான் மச்சினன் பேரில், மச்சினன் மாமியார் பேரில் என்று நிலம் பிரிந்தது. தொழுவத்துச் செவலைப் பசு பேரில்கூட ஒரு துண்டு இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லுவார்கள். அந்தப் பசு தெருவில் போனால் விலகி நின்று, “மிராசுதார் வர்றாங்க” என்பார்கள்.

ஆகவே பண்ணைக்குக் கப்பல்காரன் என்றால் சர்க்கார். நெற்றியில் உழவுசால் இருக்கிற ஜனம் யார்? அவர்தான்! பாட்டன் தேடிய மண்ணைக் காப்பாற்றத் தவிக்கிற பாவப்பட்ட ஜனம். கிரகத்துக்காரர்கள் சேற்றை வாரி அந்த அளக்கிற ஆட்கள் மேல் வீசினார்கள். பண்ணை பலமாகக் கை தட்டினார்.

பின்னால் வாசல் பக்கமும் கைதட்டல் கேட்டது. அஞ்சலையின் கொத்து.

முன்னால் நாற்காலியில் ஒரு கைதட்டல், பின்னால் தரையில் ஒரு கைதட்டல், ஒரே தாளம். நடுவில் ஸ்டூலில் இருந்த எனக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்றால் முந்தின வாரம் வீட்டுக்குப் போகிறபோது அஞ்சலை என்னிடம் கேட்டிருந்தாள்: “ஏன் ரேடியோ தம்பி, அந்தக் கறுப்பு அங்கிக்காரன் கைய பின்னால கட்டிக்கிட்டு வரப்புல நடக்கறான் பாரு, அத எங்கயோ பாத்த மாதிரி இல்ல?”

அதற்குப் பிறகு எனக்கும் வேறு யார் மாதிரியும் தெரியவில்லை.

மனைக்கட்டு

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வருஷம் அஞ்சலைக்கும் பண்ணைக்கும் உண்மையிலேயே சண்டை.

அஞ்சலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். ஊரிலேயே பெரிய நடவுக் கொத்து அவளுடையது. அவள் வீடு இருந்த மனை பண்ணை நிலம். அவள் அம்மா காலத்திலிருந்து அங்கேதான். குடியிருக்கிற மனை குடியிருப்பவர்களுக்கே என்று சட்டம் வந்து வருஷக்கணக்கானாலும் எங்கள் ஊர் வாய்க்காலைத் தாண்டி அது உள்ளே வரவில்லை. அஞ்சலை ஒருநாள் மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். பல நடை நடந்து பட்டாவோடு திரும்பினாள்.

பண்ணைக்கு மனைக்கட்டு போனது பெரிதாகத் தெரியவில்லை. சொல்லாமல் போனது தாங்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!”

“கேட்டுக்கிட்டே இருந்தது எங்கம்மாங்க. அது செத்தும் போச்சு” என்றாள் அஞ்சலை.

இன்னொன்றும் நடந்தது. அதுவரை எல்லாரையும் போல ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவள், பட்டா வந்த மறுநாளிலிருந்து ‘ஐயா’ என்றாள். எனக்கு அது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்கிறது. பட்டாவைக் காட்டிலும் அதுதான் அவரை அதிகம் குடைந்தது என்று நினைக்கிறேன்.

சம்பா நடவு நெருங்கியது. “இந்த வருஷம் அஞ்சலை கொத்து வேணாம். வெளியாள் வச்சு நட்டுக்கறேன்” என்று பண்ணை சொல்லிவிட்டார். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வரப்போகிறார்கள் என்று செய்தி.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் நட்டவர்களுக்குத்தான் அறுப்பு. நடவு போனால் தை மாதத்து அறுப்பும் போச்சு, களத்தில் அளக்கிற கூலி நெல்லும் போச்சு. அஞ்சலை தெரு முழுக்க அடுப்பு எரிவது அந்த நெல்லில்தான். கொத்துப் பெண்களே அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள்: “ஒனக்கு மனை வந்துச்சுக்கா, எங்களுக்கு என்ன வரும்?”

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ரெண்டு பேரும் ரேடியோ ரூமில் ஆஜர். மாணிக்கம் கேட்டே விட்டார், “என்ன பண்ணை, சண்டைங்கறாங்க, ஒரே ரூம்ல உக்காந்துருக்கீங்க?”

“சண்டை வயல்லய்யா. கப்பல்காரன வுட்டுட முடியுமா?” என்றார் பண்ணை.

முடி வைப்பது

கதையின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது, அதனால் டீக்கடைப் பக்கம் போகாமல் சொல்கிறேன்.

பறித்த நாற்றைக் கைப்பிடி அளவுக்குச் சேர்த்துக் கட்டினால் அது ஒரு முடி. நடவு நடக்கிற வயல் வரப்பில் சொந்தக்காரரோ, அவர் வீட்டு விருந்தாளியோ, பெரிய மனுஷர் யாரோ நடந்து வந்தால், நடுகிற பெண்களில் ஒருத்தி கரையேறி வந்து அவர் காலடியில் ஒரு முடியை வைத்துவிடுவாள். வைத்தால் தாண்டக் கூடாது. வெற்றிலைக்கோ பலகாரத்துக்கோ ஏதாவது கொடுத்தால் சிரித்துக்கொண்டே முடியை எடுத்து வழிவிடுவார்கள். இதில் மிரட்டல் கிடையாது, பிச்சையும் கிடையாது. வழியில் பச்சை கிடக்கிறது, அதை மிதிக்கிறவன் யார் என்று பார்க்கிற விளையாட்டு.

ஒரு தடவை புதிதாக வந்த விவசாய ஆபீசர் ஒருவர், பூட்ஸ் காலோடு, முடியைத் தாண்டிப் போய்விட்டார். பெண்கள் நடவுப் பாட்டில் அவர் பூட்ஸைச் சேர்த்துக்கொண்டார்கள். வயலுக்கு வயல் அந்தப் பாட்டு போனது. பாவம், அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போன ஊரிலும் அவருக்கு முன்னால் அது போய்ச் சேர்ந்திருந்ததாம்.

இன்னொரு முடியும் உண்டு. நடவு தொடங்குகிற முதல் நாள், நிலத்துக்காரர் தன் கையால் முதல் முடியை எடுத்துக் கொத்துக்காரியிடம் கொடுப்பார். கொடுத்தால் அந்த வருஷத்து நடவும் அறுப்பும் அவர்களுக்கு என்று அர்த்தம். வேறு பேச்சே வேண்டாம்.

குனிந்தான், படம் போச்சு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் லாரி வரப்போகிறது. நாற்று பறித்து முடி கட்டி வயலில் போட்டாகிவிட்டது.

டிவியில் கப்பல்காரன் ஒரு ஒற்றையடிப் பாதையில் நடந்து வருகிறான். ரெண்டு பக்கமும் தண்ணீர். எதிரே கிரகத்துக்காரி ஒருத்தி வந்தாள். கையில் கொத்தாக, நரம்பு நரம்பாக என்னவோ தொங்கியது. அவன் காலடியில் அதை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

எனக்கு வாயைத் திறக்க வேலையே இருக்கவில்லை. “முடி வைக்கறா!” என்று ரூமே அலறியது.

எல்லாரையும்விடப் பெரிய குரல் பண்ணையுடையது. “வச்சா பாருடா முடிய! இப்ப எங்க போவான்? எப்படித் தாண்டுவான்?”

கப்பல்காரன் நின்றான். கீழே பார்த்தான். மெல்லக் குனிந்தான்.

படம் போச்சு.

மழைக்காற்று கம்பியைத் திருப்பிவிட்டது. நான் கூரை மேல் ஏறி, “வருதா? வருதா?” என்று கத்தி, கீழேயிருந்து, “இல்ல, இல்ல” என்று கத்தி, ஒருவழியாகப் படம் திரும்பியபோது ஒரு அம்மாள் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பாலு வாயைத் திறந்தான். பாலு பண்ணையின் அக்காள் மகன். திருச்சியில் இஞ்சினியருக்குப் படிக்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். இங்கிலீஷ் தெரிந்தவன்.

“மாமா, அது முடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குண்டு. தொட்டா வெடிக்கும். அவ சொல்லிட்டுத்தான் வச்சா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூஸ்டரைத் துடைத்தேன்.

என்னைக் காப்பாற்றியவர் பண்ணை. “போடா! இஞ்சினியருக்குப் படிக்கறவனுக்கு முடி தெரியுமாடா? வயல்ல கால வச்சிருக்கியா நீ? தண்ணிக்கு நடுவுல வரப்பு, வரப்புல ஆளு, அவன் காலடியில பச்ச. அது முடி இல்லாம என்ன? எந்த லோகமா இருந்தா என்னடா, முடியத் தாண்டிப் போறவன் மனுஷனா?”

“அவன் மனுஷனே இல்ல மாமா, வேற கிரகம்…”

“வாய மூடு!”

ரூம் கைதட்டியது. வாசல் பக்கம் மட்டும் கைதட்டல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை முழங்காலைக் கட்டிக்கொண்டு, டிவியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை

காலையில் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்குகிறபோதே லாரி போனது. அதன் பின்னால் ஊர் போனது. நான் சைக்கிளில் போனேன்.

பண்ணை முன்னால் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குடையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கறுப்பு அங்கி ஒன்றுதான் பாக்கி. வயலோரமாக ஒதுங்கி நின்ற கொத்திலிருந்து அஞ்சலை மட்டும் சேற்றில் இறங்கி, அவருடைய நாற்றிலேயே ஒரு முடியை எடுத்து அலசினாள். கரையேறினாள். அவர் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு, டிவியில் அந்தக் கிரகத்துக்காரி செய்த மாதிரியே, முகத்தைத் திருப்பாமல் பின்னால் நகர்ந்தாள்.

பண்ணை நின்றார். “என்ன இது?”

“முடிங்க ஐயா.”

“நீதான் இங்க நடலயே? நடாதவ வைக்கற முடிக்கு என்ன கணக்கு?”

“எனக்குத் தெரியாதுங்க. எந்த லோகமா இருந்தா என்னன்னு நேத்து ஐயாதான் சொன்னீங்க.”

கரையில் ஒரு சிரிப்பு கிளம்பி, அவர் திரும்பியதும் அடங்கியது. அவர் லாரியைப் பார்த்துக் கையை ஆட்டினார். “எறங்குங்க! அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு வாங்க!”

லாரியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். வந்த கொத்துக்குத் தலைவி போலிருக்கிறது, வாய் நிறைய வெற்றிலை. துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “எங்க ஊர்லயும் முடி உண்டுங்க. இன்னொரு கொத்து வச்ச முடி கெடக்கறப்ப நாங்க வயல்ல கால வைக்க மாட்டோம். மொதல்ல அத முடிச்சுட்டுக் கூப்புடுங்க. அதுவரைக்கும் புள்ளைங்களுக்கு இட்லியாவது வாங்கிக் குடுங்க, இருட்டுல கெளம்பினது.”

மாணிக்கம் கரையிலிருந்து மந்திரிக் குரலில் என்னவோ ஆரம்பித்தார். எஸ்தர் டீச்சர் அவர் கையைப் பிடித்து, “கொஞ்சம் சும்மா இருங்க” என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பறித்த நாற்று வயலில் கிடந்தது. அதன் நுனி வாடுவதைப் பண்ணையும் பார்த்தார், அஞ்சலையும் பார்த்தாள். ஒரு விவசாயிக்கும் ஒரு நடவுக்காரிக்கும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ரெண்டு முகத்திலும் தெரிந்தது.

பண்ணை முடியைப் பார்த்தார். தன் கை ஞாபகம் வந்தது. அது மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. என்ன தோன்றியதோ, வெடுக்கென்று முன்னால் கொண்டுவந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் பக்கம் திரும்பினார்.

“டேய், உண்மையச் சொல்லு. இவங்கள்ளாம் பின்னால உக்காந்து பாத்தாங்களே, அதுல நான் யாரு?”

சைக்கிள் மணியைத் தேவையில்லாமல் ஒரு தடவை அடித்தேன். “எல்லாரும் அவங்கவங்களுக்குத் தோணினத பாத்தாங்க பண்ணை. மாணிக்கம் அண்ணன் டெல்லிங்கறாரு, டீச்சர் எகிப்துங்கறாங்க…”

அதற்குத்தான் அவர் அந்த வார்த்தை சொன்னார். அதெல்லாம் கெடக்கட்டும்டா என்று ஆரம்பித்து, எனக்கே எதிராவா என்று முடித்தார்.

ஊருக்கே கிரகத்துக் கதை சொன்ன நான் சைக்கிள் ஹாண்டிலைத் துடைத்தேன். லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“சரி, அது போவுது. அந்த ஆளு கடைசில என்னதான்டா பண்ணான்?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“தெரியலிங்களே. குனிஞ்சான். படம் போயிடுச்சு.”

“குனிஞ்சான்ல?”

“குனிஞ்சாங்க.”

அஞ்சலை அப்போதுதான் வாயைத் திறந்தாள். “நேத்து எங்க நின்னுச்சோ, அங்கேர்ந்தே ஆரம்பிங்க ஐயா.”

பண்ணை குடையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டினார். கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. மெல்லக் குனிந்தார். ரெண்டு கையாலும் முடியை எடுத்தார். நிமிர்ந்தார். அப்படியே காதுப் பக்கம் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது டிக் டிக் என்கிறதா என்று கேட்டார். வேர்த் தண்ணீர் தோள் துண்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாகக் கேட்டு முடித்த பிறகு, கரையில் நின்ற பாலுவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அந்த முடியை, ரெண்டு கையாலும், அஞ்சலையிடம் நீட்டினார்.